எழுநூற்றுப் பதினாலாம் நம்பர் வாசகி

அத்தியாயம் ஐந்து

"மேடம், நான் முயல் வளர்க்கலாம்னு முடிவு பண்ணிட்டேன்," என்றான் கண்டக்டர்.

மேடம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நூலகத்தின் இரும்புக் கதவு திறக்க இன்னும் நாலு நிமிடம் பாக்கி இருந்தது. எதிர்ப்பக்கக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, 'முயல் வளர்ப்பு: ஒரு கையேடு' என்ற புத்தகத்தை அவன் மூன்றாவது தடவையாகப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"வாடகை வீட்டுல மனுஷனையே தலை எண்ணித்தான் விடறாங்க. முயலுக்கு எங்கே போவே?"

"அதுங்க வாய் பேசாது மேடம். என்னைக் காலி பண்ணிட்டு முயலை வெச்சுக்க வீட்டுக்காரர் சம்மதிப்பார்."

கண்டக்டர் இப்போது கண்டக்டர் இல்லை. பதினெட்டு வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன். வாய் சும்மா இராமல் பரிசோதகர் ஒருவரையே கிண்டல் செய்து வேலையைத் தொலைத்தான். மேடம் அவனைச் சேர்த்துக்கொண்டதும் அதே வாய்க்காகத்தான். அவன் பேசிக்கொண்டே இருப்பான், எதிராளி அசந்த நேரத்தில் எதையாவது கொட்டிவிடுவான், மேடம் அதை அள்ளிக்கொள்வார். கடிகாரக் கடைக்கு மேலே இரண்டு அறை, வாசலில் 'விசாரணை' என்று ஒரே ஒரு சொல் எழுதிய பலகை. இதுதான் அவர்களுடைய ராஜ்ஜியம்.

ஆனால் ஒன்று. கண்டக்டர் ரொம்ப ஜோக் அடித்தால் அவனுக்கு உள்ளே உதறுகிறது என்று அர்த்தம். இன்று காலையிலிருந்து அவன் வாய் மூடவே இல்லை.

காரணம், நேற்று மத்தியானம் வந்த தையல்காரம்மா. கடைத்தெருவில் இரண்டு மிஷின் போட்டு நடத்துகிறவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்க, அதைக் கழற்றக்கூட மறந்து நேரே படியேறி வந்திருந்தார். கையில் இந்த முயல் புத்தகம்.

"என் பொண்ணு காணாமப் போய் பதினோரு வருஷம் ஆச்சு மேடம்," என்று ஆரம்பித்தார். "சாயங்காலம் நூலகத்துக்குப் போயிட்டு வந்தா. எங்ககூட உக்காந்து சாப்பிட்டா. விடியறதுக்குள்ள ஆளைக் காணோம். பத்தொன்பது வயசு. தேடாத இடம் இல்லை. அவங்க அப்பா ஒரே வார்த்தையில முடிச்சுட்டார், செத்துட்டான்னு நினைச்சுக்கோன்னு. அவரும் போன வருஷம் போய்ச் சேர்ந்துட்டார். நான் இன்னும் அப்படி நினைச்சுக்கலை."

"இப்ப என்ன புதுசா?" என்று மேடம் மெதுவாகக் கேட்டார்.

"போன வாரம்தான், இத்தனை வருஷத்துக்கு அப்புறம், நூலகத்துல கால் வெச்சேன். எதைப் படிச்சா என்ன, கைக்கு வந்ததை எடுத்தேன். வீட்டுக்கு வந்து பாக்கறேன், கடைசிப் பக்கத்துல..." அவர் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார்.

கடைசிப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. புத்தகத்தை யார் எடுத்துப்போனாலும் அந்தத் தேதியை முத்திரையாகக் குத்தி, பக்கத்தில் வாசகரின் எண்ணை நூலகர் எழுதுவார். கடைசி வரிக்கு மேல் வரியில், போன மாதம் பதினேழாம் தேதி. பக்கத்தில் 714.

"அது அவ நம்பர் மேடம். அவ எழுநூத்திப் பதினாலு, நான் எழுநூத்திப் பதினஞ்சு. ரெண்டு பேரும் ஒரே நாள்ல சேர்ந்தோம். அட்டை எப்பவும் அவ பையிலதான் இருக்கும், பையோடதான் போனா. அப்ப அந்த அட்டையை நீட்டிப் புத்தகம் வாங்கினது யாரு? சொல்லுங்க."

கண்டக்டர் அப்போதே ஏதோ சொல்ல வாயெடுத்தான். மேடம் கண்ணால் அடக்கினார்.

"நேரா நூலகர்கிட்டயே கேட்டிருக்கலாமேம்மா?"

"பயமா இருக்கு. அவர் ஒரு வார்த்தையில இல்லைன்னுட்டா நான் அங்கேயே விழுந்துடுவேன்." தையல்காரம்மா பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மேஜைமேல் விரித்தார். இளம்பச்சை, கழுத்தில் சின்னதாகப் பூத்தையல். "வருஷத்துக்கு ஒண்ணு தைக்கறேன். இப்ப அவளுக்கு முப்பது. உடம்பு போட்டிருப்பாளோ, இளைச்சிருப்பாளோ, யாருக்குத் தெரியும்? அதான் உள்பக்கம் துணி நிறைய விட்டுத் தைச்சிருக்கேன். வந்தா பிரிச்சு விட்டுக்கலாம்."

அந்த உள்பக்கத் துணியைப் பார்த்ததிலிருந்துதான் கண்டக்டருக்கு உதறல்.

கிளம்பும்போது மேடம் ஒன்று கேட்டார். "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தே படிப்பீங்களா?"

அந்த அம்மாவின் முகத்தில் முதல்தடவையாகச் சிரிப்பு வந்தது. "அவ எடுத்த புத்தகத்தை நான் தொடவே கூடாது. 'உன் நம்பர் எனக்கு அப்புறம்தானேம்மா'ன்னு சட்டம் பேசுவா. அவ திருப்பிக் குடுத்ததும் அதே புத்தகத்தை நான் எடுக்கணும். பிடிச்ச பக்கத்துல என் மிஷினுக்கு அடியில கிடக்கற வெட்டுத்துணியை அடையாளம் வெச்சிருப்பா. நூலகர் சார் அதை எடுக்கமாட்டார், எங்க வழக்கம் அவருக்குத் தெரியும். நான் அந்தப் பக்கத்துக்கு வந்து சிரிக்கறேனா, அழறேனான்னு வேவு பாத்துக்கிட்டே இருப்பா. போக்கிரி."

நேற்று நடந்தது அவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்கு நூலகத்துக்கு வரச்சொல்லியிருந்தார் மேடம். அந்த அம்மாவிடம் சொல்ல அதற்குள் ஏதாவது கிடைத்தாக வேண்டும்.

கதவு திறந்தது. உள்ளே போன கண்டக்டர் வாசல் பலகையைப் பார்த்துச் சட்டென்று நின்றான். வேலைநேரம், செருப்பைக் கழற்றவும், அமைதி காக்கவும். கடைசியில், 'வார விடுமுறை: வெள்ளி'.

"மேடம். போன மாசம் பதினேழு என்ன கிழமை தெரியுமா?"

"நீ சொல்லு."

"வெள்ளி. எந்தத் தேதியைச் சொன்னாலும் கிழமை சொல்வேன். பதினெட்டு வருஷம் டியூட்டிப் பட்டியலைப் பாத்தே காலம் ஓட்டினவன், அந்த ஒரு வித்தைதான் மிச்சம். லீவு நாள்ல பூட்டின கதவு வழியா வந்து முயல் புத்தகம் வாங்கிட்டுப் போற வாசகி! நான்கூட பேய்க்கு இவ்வளவு படிப்பு ஆர்வம் இருக்கும்னு நினைக்கலை."

மேடம் சிரிக்கவில்லை. ஆனால் அவன் தோளை ஒரு தட்டு தட்டினார். அது அவருடைய அகராதியில் பதக்கம்.

கட்டடம் பழைய நகரசபைக் கட்டடம். கீழே நூலகம், மேலே ஊர் வரலாற்றுக் காட்சியகம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆள்தான், நூலகர். ஐம்பத்தெட்டு வயதுக்காரர், சட்டைப்பையில் மசிக்கறை, மூக்குக் கண்ணாடியின் ஒரு காலுக்கு நூல் சுற்றியிருந்தது. அவர் தினசரிகளை மேஜையில் அடுக்கிக்கொண்டிருந்தார். "வாங்க, வாங்க," என்றார். ஆள் வந்தாலே சந்தோஷப்படுகிற குரல் அது.

மேடம் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. நேரே கடைசி அலமாரிக்கு நடந்தார்.

"பத்தாயிரம் புத்தகம் இருக்கும் மேடம். எதைத் தேடறோம்?"

"யாரும் தொடமாட்டாங்கன்னு உனக்குத் தோணுறதை எடு."

இதற்கு கண்டக்டருக்குத் தனித்திறமை இருந்தது. பார்த்த மாத்திரத்தில் கொட்டாவி வரவழைக்கும் தலைப்புகளாக எட்டை உருவினான். 'தரைவிரிப்புப் பராமரிப்பு', 'எடையும் அளவும்: ஓர் அறிமுகம்', 'கூட்டுறவுச் சங்கக் கூட்டங்களை நடத்துவது எப்படி', இப்படி. கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் எட்டிலும் 714. எட்டிலும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை. அவன் விரல் மடக்கி எண்ணிப்பார்த்தான். எல்லாம் வெள்ளிக்கிழமை.

"இதைப் பிரி," என்று மேடம் ஒன்றை நீட்டினார். அவன் பிரித்ததும் முதுகு படக்கென்று ஒலி எழுப்பியது. புதுப் புத்தகத்தை முதல்முறை திறக்கும் ஒலி. இரண்டு பக்கங்கள் ஓரத்தில் வெட்டுப்படாமல் ஒட்டிக்கொண்டே இருந்தன.

"நாலு தடவை வெளியே போயிட்டு வந்த புத்தகம்," என்றார் மேடம். "ஒரு தடவைகூடத் திறக்கலை."

கண்டக்டர் ஜோக் ஒன்று தேடினான், கிடைக்கவில்லை. அந்தப் பச்சைச் சட்டை அவன் கண்முன் வந்து நின்றது. புத்தகம் எடுத்தவள் படிக்கவில்லை. படிக்காதவள் அந்தப் பெண்ணாக இருக்க முடியாது. இந்தக் கூட்டல் கழித்தலுக்கு மேடம் தேவையில்லை.

நூலகரின் மேஜைமேல் மேடம் எட்டுப் புத்தகங்களையும் அடுக்கினார். "சார், எழுநூத்திப் பதினாலு யாரு?"

தினசரி அடுக்கிய கை நின்றது. அவர் மறுக்கவில்லை, கோபப்படவில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்போல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான்தான்," என்றார்.

மேஜை இழுப்பறையின் அடியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து வைத்தார். மஞ்சளேறிய வாசகர் அட்டை. எண் 714. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, சிரிப்பை அடக்கத் தெரியாத முகத்தோடு புகைப்படத்தில் இருந்தாள்.

"மூணு வருஷம் யாரும் எடுக்கலைன்னா அந்தப் புத்தகத்தைக் கழிச்சுப் பழைய பேப்பர்ல போட்டுடணும். மேலிடத்து உத்தரவு. மூணு வருஷம் வராத வாசகரையும் அப்படித்தான், பதிவேட்டுல சிவப்பு மையால ஒரு கோடு அடிச்சுடணும். எனக்கு ரெண்டுக்கும் கை வரலை. எடுக்க ஆளில்லாத புத்தகம் ஒரு பக்கம், வராத பொண்ணு ஒரு பக்கம். ரெண்டையும் சேர்த்து எழுதிட்டா ரெண்டுமே தப்பிச்சுக்கும்னு..." அவர் முடிக்கவில்லை.

"பொய்க்கணக்கு எழுதினது எழுதினீங்க சார், தேதியையாவது மாத்திக் குத்தியிருக்கலாமே," என்றான் கண்டக்டர். "லீவு நாள் தேதியை அப்படியே போட்டு மாட்டிக்கிட்டீங்களே."

"தேதி முத்திரையில பொய் குத்தினதில்லை தம்பி. முப்பது வருஷமா குத்தினதில்லை."

கண்டக்டருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"அட்டை உங்ககிட்ட எப்படி வந்தது?" மேடம் விடவில்லை.

"அவளே குடுத்தா. அன்னைக்குச் சாயங்காலம் புத்தகத்தைத் திருப்பிட்டு, அட்டையையும் வெச்சா. 'இனிமே இது எனக்குத் தேவைப்படாது சார்'னா. கல்யாணம்தான் முடிவாயிருக்கும்னு நினைச்சு, சந்தோஷமா போயிட்டு வாம்மான்னேன். ஒரு வார்த்தை, ஏம்மான்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கலை. மறுநாள் அவ அம்மா இந்த வாசல்ல வந்து நின்னு, என் பொண்ணு நேத்து வந்தாளா சார்னு கேக்கறாங்க. வந்தா, புத்தகத்தைக் குடுத்துட்டுப் போயிட்டான்னு மட்டும் சொன்னேன். அட்டையைத் திருப்பிக் குடுத்துட்டா, தேவைப்படாதுன்னு சொன்னான்னு நான் சொல்லியிருந்தா அந்த அம்மா என்ன நினைச்சிருப்பாங்க? நான் என்ன நினைச்சேனோ அதைத்தான். ஆத்துலயோ தண்டவாளத்துலயோ போய் விழுந்துட்டான்னு. இந்தப் பாவி வாயால அதைச் சொல்ல முடியலை."

முடிந்தது, என்று நினைத்தான் கண்டக்டர். அட்டை கிடைத்துவிட்டது, ஆள் கிடைத்துவிட்டார், பன்னிரண்டு மணிக்கு அந்த அம்மா வந்ததும், உங்க பொண்ணு புத்தகம் எடுக்கலைம்மா, இந்த மனுஷர்தான் பாவம் பார்த்து எழுதினார் என்று சொல்ல வேண்டியதுதான். பஸ்ஸில் ஆயிரம் பேரை இறக்கிவிட்டிருக்கிறான். இப்படி ஒரு அம்மாவை நடுவழியில் இறக்கிவிட அவனால் முடியாது. மேடமே சொல்லட்டும் என்று வாசலைப் பார்த்தான். கடிகாரத்தில் பதினொன்றரை.

மேடம் நகரவில்லை. பக்கத்து அலமாரியிலிருந்து பழைய கதைப் புத்தகங்கள் நாலைந்தை எடுத்து, ஒவ்வொன்றாகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். இவை பக்கம் மடங்கி, முதுகு ஒடிந்து, நிஜமாகவே பலர் படித்த புத்தகங்கள்.

"இங்கே வா. பதினொண்ணு, பன்னண்டு வருஷத்துக்கு முந்தின வரிங்களைப் படி."

"எழுநூத்திப் பதினாலு, எழுநூத்திப் பதினஞ்சு. இதுல... எழுநூத்திப் பதினாலு, எழுநூத்திப் பதினஞ்சு. இதுலயும் அதேதான் மேடம். பொண்ணுக்கு அப்புறம் அம்மா. அந்த அம்மா சொன்னாங்களே."

"ஒண்ணுகூடத் தவறலை. அப்படின்னா எழுநூத்திப் பதினாலுக்கு அப்புறம் எழுநூத்திப் பதினஞ்சு வராத புத்தகம் ஒண்ணு இருக்கு." மேடம் நூலகர் பக்கம் திரும்பினார். "கடைசியா அவ திருப்பிக் குடுத்த புத்தகம். எங்கே சார் அது?"

நூலகர் விழித்தார். "அதுவா? வழக்கம்போல அவங்க அம்மாவுக்குன்னு தனியா எடுத்து வெச்சேன். மறுநாள் அவங்க அந்த நிலைமையில வந்து நிக்கும்போது புத்தகத்தையா நீட்டறது? அதுக்கப்புறம் போன வாரம் வரைக்கும் அவங்க வரவே இல்லை. அதைக் கண்ணெதிர்ல வெச்சிருக்க முடியலை. ஊர் சம்பந்தப்பட்ட புத்தகம்தானே, மாடியில வெச்சுடலாம்னு வெச்சுட்டேன்."

"என்ன புத்தகம்?"

"'நம் ஊர் வடிகால்களின் வரலாறு'."

"சாக்கடைக்குச் சரித்திரமா!" கண்டக்டரின் வாய் அவனை மீறிக்கொண்டு கிளம்பியது. "பத்தொன்பது வயசுப் பொண்ணு, உலகத்துல இருக்கற கதையெல்லாம் விட்டுட்டு..." பாதியில் நிறுத்திக்கொண்டான். மேடம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்க விரும்பிய கேள்வியை அவன்தான் கேட்டுவிட்டிருந்தான்.

"அதான். ஏன்?" என்றார் மேடம்.

மாடிப்படி மரப்படி, ஒவ்வொரு படியும் முனகியது. காட்சியகம் ஒரே நீள அறை. ஊரின் முதல் தொலைபேசி இணைப்பகத்தின் பலகை, அதில் அறுபது துளைகள். மூடிப்போன ஆலையின் சங்கு. தெருவிளக்கு ஏற்றியவரின் ஏணி. முடிதிருத்துகிறவர் ஒருவர் நன்கொடையாகக் கொடுத்த நாற்காலி. எல்லாவற்றுக்கும் நூலகரின் அழகான கையெழுத்தில் சீட்டு. மூலையில் ஒரு இரும்பு மூடி, 'ஊரின் முதல் பாதாளச் சாக்கடை மூடி' என்ற சீட்டோடு. அதற்கு மேலே கண்ணாடி அலமாரியில் பன்னிரண்டு ஊர்ப் புத்தகங்கள். வேறு நாளாக இருந்தால் அந்த மூடியை வைத்தே கண்டக்டர் அரைமணி நேரம் ஓட்டியிருப்பான்.

நூலகர் பூட்டைத் திறந்து, தடித்த பழுப்புப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். மேடம் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதி, 714. அதற்குக் கீழே மூன்று வெள்ளிக்கிழமைகள், 714, 714, 714.

"இதுக்கும் குத்தியிருக்கீங்க."

"இதைக் கழிக்க விடுவேனா? அவ கை பட்ட கடைசிப் புத்தகமாச்சே."

"குத்தும்போது ஒரு தடவையாவது உள்ளே பிரிச்சுப் பாத்தீங்களா?"

"பின்னட்டையைத் திருப்புவேன், குத்துவேன், வெச்சுடுவேன். உள்ளே பாக்கற தைரியம் எனக்கு..." என்று தொடங்கிய நூலகரின் குரல் தேய்ந்தது. மேடம் கேட்டது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"யாருமே எடுக்காத புத்தகமாப் பாத்து எடுத்திருக்கா," என்றார் மேடம். "அம்மாவைத் தவிர வேற கையில அது சிக்கக்கூடாதுன்னு."

புத்தகத்தை அவர் பிரிக்கவில்லை. கீழே மரப்படி முனகும் சத்தம் கேட்டது. பன்னிரண்டுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது, ஆனால் அந்த அம்மாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை போலும். மாடிக்கே வந்துவிட்டார். கையில் அதே பை.

"தெரிஞ்சுதா மேடம்? யாரு எடுத்தது?"

கண்டக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மேடம் சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அட்டை, வெள்ளிக்கிழமைகள், சிவப்புக் கோடு, எல்லாம். 'தேவைப்படாது சார்' என்பதைக்கூட விடவில்லை. தையல்காரம்மா நின்றபடியே கேட்டார். விழவில்லை. முடிதிருத்தும் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, பையை மடியில் இறுக்கிக்கொண்டார். "அப்ப அவ இல்லைங்கறீங்க," என்றார்.

"நான் இன்னும் அதைச் சொல்லலை," என்று மேடம் அவர் மடியில் புத்தகத்தை வைத்தார். "அவளுக்கு அப்புறம் உங்க முறை. நீங்கதான் பிரிக்கணும்."

பக்கங்கள் தாமாகவே ஒரு இடத்தில் விரிந்தன. நடுவில் நீலக்கட்டம் போட்ட வெட்டுத்துணி ஒன்று. தையல்காரம்மாவின் விரல் அதைத் தொட்டது. "அந்த வாரம் தைச்ச பள்ளிக்கூடச் சட்டைத் துணி," என்றார், யாரிடமும் இல்லாமல். துணிக்கு அடியில் நாலாக மடித்த தாள். பதினோரு வருடமாக அழுந்தி, பக்கத்தில் அதன் அச்சு விழுந்திருந்தது.

அவர் வாய்விட்டுத்தான் படித்தார். வாய்விட்டுப் படிக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

"அம்மா, வீட்டுல வெச்சா அப்பா கையில மாட்டும். இந்தப் புத்தகத்தை உன்னைத் தவிர ஒரு ஜீவன் எடுக்காது, அதான் இதுல வெச்சேன். நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைச்சு வந்த கடிதத்தை அப்பா கிழிச்சப்போ நீ பேசாம நின்னே. உன்னால பேச முடியாதுன்னு எனக்குத் தெரியும், கோபமில்லை. கடிதத்தோட இடமும் போச்சுன்னு நீங்க நினைச்சிருப்பீங்க. போகலை, நான் சேரப்போறேன். ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு ஜங்ஷன் ரயில் நிலையத்துல, ரெண்டாவது நடைமேடை, கடிகாரத்துக்குக் கீழே இருக்கற பெஞ்சுக்கு வா. நீ புத்தகம் எடுக்க ஒரு வாரம் ஆகும், மிஷினை விட்டு எழுந்து படிக்க ஒரு வாரம் ஆகும். அதனால ஆறு ஞாயிறு வந்து உக்காந்திருப்பேன். நீ எதுவும் பேச வேண்டாம், வந்து முகத்தைக் காட்டினா போதும். ஆறு ஞாயிறும் நீ வரலைன்னா, நீயும் அப்பா பக்கம்தான்னு புரிஞ்சுக்கறேன். அதுக்கப்புறம் கடிதம் கிடிதம் போட்டு உன்னைச் சங்கடத்துல விடமாட்டேன். இந்தப் பக்கத்துல படத்தைப் பாரு. நாலு பெரிய மனுஷங்க ஒரு சாக்கடை மூடியைச் சுத்திக் கைகட்டி நிக்கறாங்க, யாரோ பெரிய ஆளு செத்துட்ட மாதிரி. நீ சிரிப்பேன்னு தெரியும்."

தையல்காரம்மா படத்தைப் பார்த்தார். அவர் உதடு உண்மையிலேயே சிரிக்கத் தொடங்கியது. பதினோரு வருடம் கழித்து, மகள் கேட்டுக்கொண்டபடி. அந்தச் சிரிப்பு பாதியிலேயே உடைந்து, அவர் புத்தகத்தின்மேல் கவிழ்ந்து அழுதார். அது செத்தவளுக்காக அழுகிற அழுகை இல்லை. ஆறு ஞாயிறு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு ரயிலாகப் பார்த்து, ஏழாவது ஞாயிறு வராமல் போனவளுக்காக அழுத அழுகை. கண்டக்டருக்கும் கண் மறைத்தது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

நூலகர் அவர் காலடியில், தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அம்மா, என்னை எதாவது சொல்லுங்க. திட்டுங்க."

தையல்காரம்மா நிமிர்ந்தார். "பழைய பேப்பர்க்காரன்கிட்ட போகாம காப்பாத்தினீங்களே சார், நீங்க இல்லைன்னா இதுவும் கிடைச்சிருக்காது. ஆனா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பிரிச்சிருக்கக்கூடாதா?"

நூலகர் தலையைக் குனிந்துகொண்டார்.

மேடம் குறிப்பேட்டை எடுத்தார். குரல் எப்போதும்போல இருக்க ரொம்பவே பாடுபட்டது. "பயிற்சிப் பள்ளியில பதினோரு வருஷத்துக்கு முந்தின பதிவேடு கண்டிப்பா இருக்கும். திங்கட்கிழமை அங்கேருந்து ஆரம்பிக்கறேன். அவ படிச்சு முடிச்சு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனான்னு..."

தையல்காரம்மா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. தன் அட்டையை எடுத்து நூலகரிடம் நீட்டினார். "இதை என் பேர்ல எழுதுங்க சார். என் முறை."

நூலகர் எழுந்து, சட்டைப்பையிலிருந்த பேனாவைத் திறந்தார். கடைசி 714-க்குக் கீழே 715 என்று எழுத அவருக்கு மூன்று முயற்சி தேவைப்பட்டது.

"தம்பி," என்று தையல்காரம்மா கண்டக்டரைக் கூப்பிட்டார். "இன்னைக்கு என்ன கிழமை?"

"சனிக்கிழமை அக்கா."

"அப்ப நாளைக்கு ஞாயிறு." அவர் கடிதத்தை மடித்துப் பச்சைச் சட்டையின் மடிப்புக்குள் வைத்தார். "ஜங்ஷனுக்குப் பத்து மணிக்குள்ள போய்ச் சேரணும்னா எந்த பஸ்?"

அங்கே யாரும் இருக்கமாட்டார்கள் அக்கா, அது என்றைக்கோ முடிந்துபோன ஞாயிறு என்று கண்டக்டர் சொல்லியிருக்கலாம். மேடம் பக்கம் பார்த்தான். மேடம் குறிப்பேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு நாற்பது," என்றான். "நானும் கூட வரேன் அக்கா. ரெண்டு டிக்கெட் எடுத்துடறேன்."

"போகும்போது ரெண்டு எடுங்க தம்பி," என்றார் தையல்காரம்மா. "வரும்போது மூணு."

கண்டக்டர் சரி என்று தலையாட்டினான்.